இது யாரு கை? மறுவாழ்வு விளையாட்டு என்னும் பிரதி

"ஏம்மா, இது யாரு கை?"

முகத்தை மூடிக் கட்டியிருந்த கறுப்புப் பெட்டிக்குள்ளிருந்து அப்பா கேட்டார். கடலூரில் ஒரு தனியார் பிசியோதெரபிக் கூடம். சிதம்பரத்திலிருந்து பி.முட்லூர், புதுச்சத்திரம், ஆலப்பாக்கம் என்று பஸ்ஸில் வந்து இறங்கி, ஆட்டோ பிடித்து, மாடியேறிப் போயிருந்தோம். (வாதத்தில் விழுந்தவர்களுக்கான கூடத்தை மாடியில் வைப்பது பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம்.) அப்பாவின் இரண்டு கையிலும் ஆளுக்கொரு கண்ட்ரோலர். வலது கை தானாகப் பிடிக்காது என்பதால் பட்டை போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அவர் உள்ளே பார்ப்பது எங்களுக்கும் தெரியும்படி சுவரில் ஒரு டிவி. அதில் பச்சைப் புல்வெளி, ஆப்பிள் மரம், ஒரு கூடை. மரத்திலிருந்து ஆப்பிள் விழும், கையை நீட்டிப் பிடித்துக் கூடையில் போட வேண்டும். கை என்றால் மணிக்கட்டோடு வெட்டுப்பட்டு அந்தரத்தில் மிதக்கும் இரண்டு கைகள். வெளிர் ரோஜா நிறம். சுருக்கமில்லை, நரம்பில்லை, மயிரில்லை.

"உங்க கைதாம்ப்பா. நீட்டுங்க பார்ப்போம்" என்றார் பயிற்சி கொடுத்த இளைஞர். அப்பா நீட்டினார். முழங்கை நிமிரவில்லை. ஆப்பிள் கீழே விழுந்தது. 'ட்ரை அகெய்ன்' என்று ஆங்கிலத்தில் ஒரு பெண்குரல் கொஞ்சியது. அடுத்த முறை அப்பா இடுப்பிலிருந்து உடம்பையே சாய்த்துக் கையைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். ஆப்பிள் கூடையில் விழுந்தது. பத்துப் பாயிண்ட். கண்ட்ரோலர் எங்கே இருக்கிறது என்பது மட்டும்தான் அந்த எந்திரத்துக்குத் தெரியும், அது அங்கே எப்படி வந்து சேர்ந்தது என்பது தெரியாது. முதுகு செய்த வேலையைக் கையின் கணக்கில் எழுதிக்கொண்டது. அந்த இளைஞர் நல்லவர், அவருக்கு இது தெரியும், தோளைப் பிடித்து உட்கார வைத்து மறுபடி நீட்டச் சொன்னார். பாயிண்ட் விழவில்லை. எது சரியான அசைவோ அதற்குப் பாயிண்ட் இல்லை.

அன்றைக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு இதே நினைப்புதான். இந்த விளையாட்டும் ஒரு பிரதிதான். இதற்கும் ஒரு கதைசொல்லி உண்டு, ஒரு வாசகர் முன்கூட்டியே கற்பிக்கப்பட்டிருக்கிறார், சொல்லாமல் விட்டவை இருக்கின்றன. கவிதையையும் நாவலையும் வாசித்து அதிகாரத்தைக் கண்டுபிடித்துக் களைத்துப்போன நாம், உடம்பின் மீது நேரடியாக எழுதப்படும் இந்தப் பிரதியை ஏன் வாசிக்கக் கூடாது?

முதலில் சொல். 'விர்ச்சுவல் ரியாலிட்டி' தமிழில் 'மெய்நிகர்' ஆகிவிட்டது. யார் முதலில் ஆக்கினார்களோ, அவர்கள் உத்தேசித்ததைவிட அதிகமாகவே சொல் பேசுகிறது. மெய் என்றால் உண்மை. மெய் என்றால் உடம்பு. புள்ளி வைத்த எழுத்தும் மெய். ஆங்கிலத்தில் உண்மைக்கு மாற்றாக ஒன்றை வைக்கிறார்கள் என்றால், தமிழில் உடம்புக்கு மாற்றாக ஒன்றை வைக்கிறார்கள் என்று ஆகிறது. இத்தனைக்கும் இந்தத் தொடரின் பிறப்பிடம் கம்ப்யூட்டர் கம்பெனி அல்ல. அந்தோனின் ஆர்த்தோ 1938இல் வெளியிட்ட நாடகம் பற்றிய நூலில், மேடையில் பாத்திரங்களும் பொருள்களும் உண்டாக்கும் மாய உலகத்தைக் குறிக்க இந்தத் தொடரைப் பிரெஞ்சில் பயன்படுத்தியிருக்கிறார். மின்சார அதிர்ச்சி சிகிச்சையை உடம்பில் வாங்கிய ஒரு நாடகக்காரரின் சொல் அது. 1968இல் ஐவன் சதர்லாண்ட் தலையில் மாட்டும் திரையைச் செய்தபோது, அதன் கனத்தைத் தாங்கக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. 1980களில் ஜேரன் லேனியர் அந்தச் சொல்லைப் பிரபலப்படுத்திக் கையுறையோடு சேர்த்து விற்றார். நாடகத்தில் தொடங்கி ராணுவம், ஆய்வுக்கூடம், சந்தை என்று போய், இப்போது மஞ்சக்குப்பத்து மாடியில் அப்பாவின் முகத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது.

இரண்டாவது சொல் இன்னும் வில்லங்கமானது. மறுவாழ்வு. கடலூர்க்காரர்களுக்கு இந்தச் சொல்லை 2004 சுனாமி சொல்லிக் கொடுத்தது. கடலோரத்தில் இருந்தவர்களை உள்ளே தள்ளிக் கட்டிய வீடுகளுக்கு அந்தப் பெயர். மலம் அள்ளுபவர்களைப் பணியமர்த்துவதைத் தடுக்கும் 2013 சட்டத்தின் தலைப்பிலேயே மறுவாழ்வு இருக்கிறது. குடிப்பழக்கத்துக்கு மறுவாழ்வு மையம். ஈழத்து அகதிகள் முகாம்களுக்கு 2021இல் தமிழக அரசு வைத்த புதுப்பெயர் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம். கடலுக்கு அந்தப் பக்கம், 2009க்குப் பிறகு சரணடைந்த போராளிகளை அடைத்துவைத்த ஏற்பாட்டுக்குப் பெயர் புனர்வாழ்வு. இதையெல்லாம் ஒரே தட்டில் வைக்கக் கூடாதுதான். ஆனால் இவை அத்தனையிலும் பொதுவான ஓர் இலக்கணம் இருக்கிறது. மறுவாழ்வு 'கொடுக்கப்படும்'. கொடுப்பவர் ஒருவர், பெறுபவர் வேறொருவர். பெறுபவரின் பழைய வாழ்வு முடிந்துபோனதாகவோ, சொல்லத் தகாததாகவோ கருதப்படும். ஊனத்தின் வரலாற்றை 1982இல் எழுதிய ஆன்றி-ழாக் ஸ்திக்கெர், மறுவாழ்வு என்னும் நவீனக் கருத்து முதல் உலகப் போர் கைகால்களைப் பறித்த பிறகு பிறந்தது என்கிறார். போரில் போன கைக்குப் பதில் கை. எல்லாரையும் போல ஆக்குவது. எல்லாரும் என்றால் யார் எல்லாரும்?

இங்கே கொஞ்சம் நிதானிக்க வேண்டும். ஃபூக்கோவை இரண்டு பக்கம் படித்துவிட்டு 'எல்லாம் கண்காணிப்பு' என்று முடித்துவிடும் சோம்பேறித்தனம் நம்மிடம் உண்டு. என்னிடமும் உண்டு. 1975இல் வந்த அவருடைய நூலில், படைவீரனின் அசைவுகளைத் துண்டு துண்டாக நறுக்கிப் பழக்குவதையும், எழுதும் மாணவனின் உடம்பை விரல்நுனி வரை ஒழுங்குபடுத்துவதையும் காட்டுகிறார். அந்தப் பக்கங்களை வைத்து அப்பாவின் ஆப்பிள் விளையாட்டை ஒரே மணி நேரத்தில் கிழித்துப் போட்டுவிடலாம். ஆனால் ராத்திரி லுங்கியை முடிந்துகொள்ள முடியாமல் ஒருவர் சுவரைப் பார்த்து நிற்பதை அந்தக் கட்டுரை என்ன செய்யும்? துண்டு துண்டாக நறுக்கிய அந்த அசைவுதான் அவருக்கு வேண்டியிருக்கிறது. கட்டை விரல் ஆள்காட்டி விரலைத் தொட வேண்டும். அவ்வளவுதான், அது அவருக்குப் பெரிய விஷயம்.

விளையாட்டின் பக்கம் உள்ள நியாயம் இதுதான். மூளையில் ஒரு பகுதி செத்துப்போனபின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைக் கற்றுக்கொள்ள வேண்டுமென்றால் திரும்பத் திரும்பச் செய்தாக வேண்டும். விலங்குகளை வைத்து நடந்த சோதனைகளில் ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கான முறை. ஆனால் அமெரிக்காவிலும் கனடாவிலும் பிசியோதெரபி அமர்வுகளை உட்கார்ந்து எண்ணிப் பார்த்து 2009இல் வெளியிட்டார்கள். கையைப் பயனுள்ள வகையில் அசைத்தது ஓர் அமர்வுக்குச் சராசரியாக 32 முறை. அங்கேயே அப்படி. 300 தடவை கையைத் தூக்கு என்று சொன்னால் யாருக்கும் சலித்துப்போகும், ஆப்பிள் பிடி என்றால் பிடிப்பார்கள். சலிப்பை விளையாட்டாக மாற்றுவது. இதில் தவறில்லை. நாற்று நடுகிறவர்கள் பாட்டுப் பாடினதும் இதற்குத்தான்.

அப்படியானால் விளையாட்டு வேலை செய்கிறதா? 2016இல் 'லான்செட் நியூராலஜி' இதழில் ஓர் ஆய்வு வந்தது. நான்கு நாடுகள், 141 நோயாளிகள், எல்லாருக்கும் வாதம் வந்து அதிக நாளாகவில்லை. பாதிப் பேருக்கு நிண்டெண்டோ வீ என்னும் வீடியோ விளையாட்டு. மீதிப் பேருக்குச் சீட்டாட்டம், பிங்கோ, மரக்கட்டை அடுக்குவது, பந்து எறிவது. இரண்டு வாரத்தில் பத்து அமர்வு, வழக்கமான சிகிச்சைக்கு மேலதிகமாக. முடிவு என்ன? இரண்டு கூட்டத்துக்குமே கை தேறியது, இரண்டுக்கும் வித்தியாசம் இல்லை. மலிவாக எங்கும் கிடைக்கும் எளிய விளையாட்டே போதும் என்று ஆய்வாளர்களே எழுதினார்கள். காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்துப் பார்த்து 2017இல் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். வழக்கமான சிகிச்சைக்குப் பதிலாக வைத்தால் பெரிய லாபம் இல்லை, அதற்கு மேலே கூடுதலாகக் கொடுத்தால் பலன் இருக்கலாம். 2025இல் 190 ஆய்வுகளைச் சேர்த்துப் புதுப்பித்தபோது, கையைப் பொறுத்தமட்டில் கொஞ்சம் நன்மை தெரிகிறது என்கிறார்கள். கொஞ்சம். ஆக, எந்திரம் ஏமாற்று இல்லை, அற்புதமும் இல்லை. திண்ணையில் நாலு பேர் சேர்ந்து சீட்டாடுவதற்கு அது கிட்டத்தட்டச் சமானம். திண்ணையும் நாலு பேரும் இல்லாமல்போன இடத்தில்தான் எந்திரத்துக்கு விலை கூடுகிறது.

அதோடு இந்த விளையாட்டுகள் நோயாளிக்காகப் பிறந்தவையும் அல்ல. மைக்ரோசாஃப்ட் 2010இல் கினெக்ட் என்று ஒரு கேமராவைக் கொண்டுவந்தது. உடம்பில் எதையும் கட்டாமலே அசைவைப் பிடிக்கும் அது. உலகெங்கும் சிகிச்சைக்காரர்கள் அதற்கு விளையாட்டு எழுதினார்கள். வரவேற்பறையில் விளையாடும் வாடிக்கையாளர்கள் போதாது என்று 2017இல் கம்பெனி உற்பத்தியை நிறுத்திவிட்டது. அதை நம்பி எழுதிய சிகிச்சையெல்லாம் அந்தரத்தில். யாரோ ஒரு சிறுவனுக்குச் சலித்துப்போனால் ஒரு கிழவரின் கை நிற்கிறது. இதற்கு அரசியல் பொருளாதாரம் என்று பெயர் வைத்து ஒதுக்கிவிட முடியாது, இதுதான் அந்த விளையாட்டின் மொழி.

சரி, 'யாரு கை' என்ற கேள்விக்கு வருகிறேன்.

அப்பா கம்பாசிட்டர். 1974இல் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு அச்சகத்தில் சேர்ந்து, 1996இல் அது மூடப்பட்டு ஈயத்தை எடைக்குப் போடும்வரை எழுத்துக் கோர்த்தவர். இடது கையில் ஸ்டிக். வலது கை கேஸுக்கும் ஸ்டிக்குக்கும் இடையே போய் வந்துகொண்டே இருக்கும். கண் கையெழுத்துப் பிரதியில் இருக்கும், கேஸில் இருக்காது. ஒவ்வொரு எழுத்தின் உடம்பிலும் ஒரு சின்னப் பள்ளம் உண்டு, நிக்கு என்பார்கள். விரல் அதைத் தடவியே எழுத்து எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று தெரிந்துகொள்ளும். எழுத்து ஒவ்வொன்றும் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறியிருக்கும். ஸ்டிக்கில் வரி தலைகீழாக நிற்கும். அப்படியே வாசித்துப் பிழை பிடிப்பார். எனக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தபோது தலைகீழாக எழுதிக் காட்டிச் சிரிக்க வைத்தது ஞாபகமிருக்கிறது.

1978 அக்டோபரில் எம்.ஜி.ஆர். அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டது. 13 எழுத்து மாறிற்று. துதிக்கை போட்ட 'லை'யும் 'ணை'யும் போயின. நமக்கு அது மொழிவரலாற்றில் ஒரு தேதி. பெரியார் 1935லேயே குடி அரசில் தொடங்கியதை அரசு 43 வருஷம் கழித்து எட்டிப்பிடித்தது என்று பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அப்பாவுக்கு அது கையில் நடந்தது. நாலு வருஷமாக 'லை' என்றதும் ஒரு அறைக்குப் போய்ப் பழகிய கை, இனி இரண்டு அறைக்குப் போக வேண்டும். பல மாதம் கை பழைய அறைக்கே போய்க்கொண்டிருந்ததாம். "மூளைக்கு ஜி.ஓ. தெரியும், கைக்குத் தெரியாதே" என்பார். மார்செல் மோஸ் 1934இல் உடம்பின் நுட்பங்கள் பற்றிப் பேசினார். நடப்பதும் நீந்துவதும் தோண்டுவதும் ஒவ்வொரு சமூகமும் உடம்புக்குக் கற்றுக்கொடுப்பவை, இயற்கையானவை அல்ல என்று. அப்பாவின் ஒரு வரி அந்த உரைக்கு நல்ல அடிக்குறிப்பு.

இதில் நமக்கும் ஒரு பங்கு இருக்கிறது. 1980களில் சிறுபத்திரிகைகள் இப்படிப்பட்ட கைகள் வழியாகத்தான் வந்தன. ஆசிரியனின் மரணம் பற்றி ரோலான் பார்த் எழுதியதை நாம் வரிவரியாகப் பேசினோம். பிரதியை உண்டாக்குவது எழுதியவன் மட்டுமல்ல என்றோம். எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கியவரின் பெயரை எந்த இதழிலாவது போட்டோமா? நான் பார்த்த இதழ்களில் அவர் வருகிற ஒரே இடம், 'அச்சுப்பிழைகளுக்கு வருந்துகிறோம்'.

வாதம் இடது மூளையைத் தாக்கிற்று. வலது கை போயிற்று. பேச்சு கொஞ்சம் குழறும், மற்றபடி தப்பித்தது. இந்தக் கைக்கு, இத்தனை தெரிந்த கைக்கு, விளையாட்டு கொடுப்பது ஆப்பிள். ஆப்பிள் மரத்தை அப்பா நேரில் பார்த்தவரில்லை. பண்ருட்டிக்காரர்களுக்குப் பலா, முந்திரி என்று வைத்திருந்தால் ஆயிற்றா என்றால், அதுவும் இல்லை. இதைச் சோதித்தே பார்த்தோம். அந்த இளைஞர் எங்கள் பேச்சைக் கேட்டு, செட்டிங்கில் தேடித் தோல் நிறத்தை மாற்றும் வசதி இருப்பதைக் கண்டுபிடித்துக் கைகளை மாநிறமாக்கினார். அடையாள அரசியலின் எளிய தீர்வு. அப்பா பார்த்துவிட்டு, "இப்பவும் என் கை இல்லியே. நகத்துல மை எங்க?" என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயல். உள்ளத்தில் நிகழ்வது உடம்பில் தெரிவதைப் பற்றியது. எம்.ஏ.வில் மனப்பாடம் செய்துவிட்டு மறந்துபோனதை இப்போது எடுத்துப் படித்தேன். இளிவரல் என்னும் இழிவுணர்ச்சிக்கான காரணங்களில் மூப்பும் பிணியும் இருக்கின்றன. பெருமிதத்துக்கான காரணங்களில் முதலில் நிற்பது கல்வி. 'ட்ரை அகெய்ன்' என்ற குரல் அப்பாவை முதலாவதில் வைக்கிறது. இரண்டாவதற்குப் போகும் வழி அவர் கைக்குள் இருக்கிறது, விளையாட்டை எழுதியவருக்கு அது தெரியாது. விளையாட்டு யாருடைய கையையும் எதிர்பார்க்கிறது. யாருடையதும் என்றால் ஒருவருடையதும் இல்லை. தொழில் இல்லாத, சாதி இல்லாத, வயது இல்லாத, எதையும் முன்பே கற்றிராத ஒரு கை.

இந்த இடத்தில் சிதம்பரத்துப் பெரியவர்கள் சிலர் ஆவலோடு குறுக்கே வருவார்கள். "அம்மா, நம்ம கோயில் கோபுரத்துல 108 கரணம் இருக்கே. கையும் காலும் ஒத்து அசையறதுக்கு அதைவிட என்ன வேணும்? அதை விளையாட்டாக்கலாமே." கிழக்குக் கோபுரத்திலும் மேற்குக் கோபுரத்திலும் நாட்டிய சாஸ்திர சுலோகங்களோடு சேர்த்தே அந்தச் சிற்பங்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன, உண்மைதான். அழகும்தான். ஆனால் அதே ஊரில் நந்தன் கதையும் இருக்கிறது. நெருப்பில் மூழ்கிப் பழைய உடம்பை எரித்து, பூணூலோடு வேறோர் உடம்பாக எழுந்த பிறகுதான் அவர் உள்ளே போக முடிந்தது என்று புராணம் சொல்கிறது. இருக்கிற உடம்பை அழித்து ஏற்கத்தக்க உடம்பைக் கொடுப்பது. இதைவிடச் சுத்தமான மறுவாழ்வுக் கதை ஐரோப்பாவில்கூடக் கிடைக்காது. ஆப்பிளுக்குப் பதில் அபிநயம் வைத்தால் கை அப்பாவுடையது ஆகிவிடாது.

வேறோரு திசையில் யோசிக்க வேலூர் உதவுகிறது. பால் பிராண்ட் என்னும் ஆங்கிலேய மருத்துவர் 1940களின் இறுதியில் அங்கே தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை அறுவை செய்து நிமிர்த்தத் தொடங்கினார். நல்ல தசைநாண் ஒன்றை இடம் மாற்றித் தைத்து, அதற்குப் புதிய வேலையை மூளைக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். கை நிமிர்ந்தது. வெற்றி. ஆனால் அப்படிக் குணமாகிப் போனவர்கள் திரும்பி வந்து முறையிட்டார்கள். இந்தக் கை பிச்சை எடுக்க லாயக்கில்லை என்று. மடங்கிய கைக்குக் காசு விழுந்தது, நிமிர்ந்த கைக்கு விழவில்லை. தழும்பைப் பார்த்து வேலையும் யாரும் கொடுக்கவில்லை. பிராண்டின் பெருமை அவர் கத்தியில் மட்டும் இல்லை, இந்த முறையீட்டைக் காதில் வாங்கியதில் இருக்கிறது என்பேன். புதுவாழ்வு மையம் என்று தொடங்கி மரவேலை கற்றுக்கொடுத்தார்கள், நோயாளிகள் மரப்பொம்மைகள் செய்தார்கள். குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் அங்கே பெரியவர்களின் வேலை. 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே உணர்விழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி அதே மருத்துவமனையில் அதே கைகளை அறுவை செய்தார். கொடுப்பவர், பெறுபவர் என்ற இலக்கணம் அங்கே கொஞ்சம் உடைந்தது.

இன்றைக்கும் வேலூர் சி.எம்.சி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து புளூட்டோ என்று கைக்கான ஒரு சிறிய ரோபோவைச் செய்திருக்கிறார்கள். ஒரே மோட்டார், கைப்பிடிகளை மாற்றி மாற்றி மாட்டி மணிக்கட்டையும் விரல்களையும் பழக்கலாம், திரையில் விளையாட்டு ஓடும். இந்த மாதிரி முயற்சிகளை 'ஏகாதிபத்தியத் தொழில்நுட்பம்' என்று ஒற்றைச் சொல்லில் தள்ளும் தோழர்களோடு எனக்கு உடன்பாடில்லை. கேட்க வேண்டியது வேறு. கைப்பிடியை மாற்றலாம் என்றால் விளையாட்டையும் மாற்றலாமா? யார் மாற்றுவது? முந்திரிக்கொட்டை உடைத்த பெண்ணும், வலை முடைந்தவரும், பூக் கட்டியவரும் அந்த அறைக்குள் எழுதுகிறவராகப் போக முடியுமா, எண்ணப்படுகிறவராக மட்டும்தானா?

அப்பா இதை இன்னும் சுருக்கமாகக் கேட்டார். ஒரு நாளைக்கு 300 தடவை என்று அந்த இளைஞர் சொன்னதும், "முன்னூறு தரம் கையத் தூக்குனா கூலி யாரு குடுக்குறது? அப்பல்லாம் பக்கத்துக்கு இவ்ளோன்னு உண்டு" என்றார். அவருக்கு அது விளையாட்டே இல்லை. ஓர் அமர்வுக்கு 600 ரூபாய் நாங்கள் கொடுத்து அவர் வேலை செய்கிறார்.

பன்னிரண்டு அமர்வோடு நிறுத்திவிட்டோம். காசு ஒரு காரணம், பஸ் ஒரு காரணம். பிறகு 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவர் வந்தார். 2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரையோடு இதுவும் சேர்த்தி. சின்னப் பெண், ஸ்கூட்டியில் ஊர் ஊராகப் போகிறவர். "ஐயா, வீட்டுல மொகம் பாக்குற கண்ணாடி இருக்கா?" என்று கேட்டார். ஓர் அட்டைப்பெட்டியை அறுத்து, நடுவில் கண்ணாடியை நிறுத்தி, வலது கையைப் பின்னால் மறைத்து, இடது கையை முன்னால் வைத்து அசைக்கச் சொன்னார். கண்ணாடியில் பார்த்தால் வலது கை அசைகிறது.

இதைக் கண்டுபிடித்தவர் வி.எஸ்.ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லியில் மருத்துவம் படித்தவர். கை துண்டிக்கப்பட்டவர்கள் இல்லாத கையில் உணரும் வலிக்காக இதைச் செய்து, 1996இல் வெளியிட்ட கட்டுரையில் இந்த அட்டைப்பெட்டிக்கு அவர் வைத்த பெயர் 'விர்ச்சுவல் ரியாலிட்டி பெட்டி'. மின்சாரம் வேண்டாத மெய்நிகர். 1999இல் ஒன்பது வாத நோயாளிகளிடம் சோதித்தார்கள். அதன்பின் நடந்த 62 ஆய்வுகளை 2018இல் சேர்த்துப் பார்த்தபோது கை அசைவுக்குப் பலன் உண்டு என்றே தெரிந்தது. போத்ரியாவை வைத்து, அசல் இல்லாத நகல் என்று இதைப் பற்றி எழுத ஆரம்பித்து அடித்துவிட்டேன். இங்கே அசல் இருக்கிறது. கண்ணாடியில் தெரிவது அப்பாவின் இடது கை, தழும்போடு, கோணிய சுண்டுவிரலோடு. இடவலம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். இடவலம் மாறியதை 22 வருஷம் படித்தவருக்கு அதில் தடுமாற்றம் இல்லை. முதல் நாளே, "இது என் கைதான். தப்பாத் திரும்பிக்கீது" என்றார்.

இத்தோடு நிறுத்தினால் கட்டுரைக்கு நல்ல முடிவு. அட்டைப்பெட்டி ஜெயித்தது, ஹெட்செட் தோற்றது என்று. நடந்தது அப்படியில்லை. கண்ணாடி இரண்டு மாதத்தில் அப்பாவுக்கு அலுத்துவிட்டது. "எவ்ளோ நேரந்தான் சும்மா ஆட்டிக்கினு இருக்கறது." அப்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. அச்சகம் மூடியபோது அவர் எடுத்து வைத்த கொஞ்சம் 12 பாயிண்ட் எழுத்து ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் இருந்தது. அதைத் தட்டில் கொட்டி, பக்கத்தில் அட்டையில் அறை அறையாகத் தடுத்து வைத்தேன். கோர்த்து முடித்த பக்கத்தைப் பிரித்து எழுத்தைத் திரும்ப அறையில் போடுவதுதான் கம்பாசிட்டரின் அன்றாடக் கடைசி வேலை. பிசியோதெரபியிலும் ஒரு பெட்டியிலிருந்து இன்னொன்றுக்குக் கட்டைகளை மாற்றி, 60 விநாடிக்கு எத்தனை என்று எண்ணும் சோதனை உண்டு. அப்பாவின் முகம் மாறியது. கை தானாக 'க' இருக்க வேண்டிய பக்கம் நகர்ந்தது. ஆப்பிளுக்கு ஒரு நாளும் விரியாத கட்டை விரல் ஒரு 'ம'வுக்கு விரிந்தது. உழைப்பின் நினைவுதான் மருந்து, மெய்யான விளையாட்டு வேலைதான் என்று மனசுக்குள் தலைப்புவரை யோசித்துவிட்டேன்.

ஸ்கூட்டிப் பெண் அடுத்த முறை வந்து பார்த்துவிட்டுக் கேட்டது ஒரே கேள்வி. "இது ஈயமாக்கா?"

ஈயம் ரத்தத்தில் சேர்ந்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும். ரத்த அழுத்தம் வாதத்துக்குத் தலையாய காரணம். இதெல்லாம் நிறுவப்பட்ட விஷயம், எனக்குத்தான் அதுவரை உறைக்கவில்லை. 22 வருஷம் அந்த எழுத்தைத் தொட்ட கையால் சாப்பிட்டவர், அந்த ஈயத்தாலேயே விழுந்தாரா என்று யாராலும் சொல்ல முடியாது. சர்க்கரையும் இருந்தது, பீடியும் இருந்தது. ஆனால் நான் அழகாகக் கட்டிய வாதத்தின் அடியில் அவருடைய வாதத்துக்கான காரணங்களில் ஒன்று கிடக்கக்கூடும். தொழிலின் நினைவு என்று நான் கொண்டாடியது தொழிலின் நோயும்தான். சாதியும் தொழிலும் ஒட்டிய நாட்டில் 'கையின் நினைவை மீட்போம்' என்று எழுதுகிறவள் இதை யோசித்திருக்க வேண்டும். வலை முடைந்தவருக்கு வலை சரி, மலம் அள்ளியவருக்கு எதை நினைவூட்டுவது? வெளிர் ரோஜா நிறத்தில் எதுவும் நினைவில்லாமல் மிதந்த அந்தக் கை சிலருக்கு விடுதலையாகவும் இருக்கலாம். அதை நான் எழுதத் தொடங்கியபோது நினைத்துப் பார்க்கவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். "தெரியுமே. வாழப்பழம் சாப்புடுங்கடா, ஈயம் எறங்கிடும்னு மொதலாளி சொல்வாரு. பழத்த அவரு வாங்கித் தந்ததில்ல" என்றார். புளியங்கொட்டையும் சோழியும் கொண்டுவந்து வைத்தேன். தொடவில்லை. "அது வெளாட்டு" என்று தள்ளிவிட்டார்.

இப்போதைய ஏற்பாடு, ரப்பர் கையுறை மாட்டிவிட்டு எழுத்தைக் கொடுப்பது, முடிந்ததும் சோப்புப் போட்டுக் கழுவுவது. நேற்று ஒரு நிமிஷத்துக்கு நாலு எழுத்து. ஒரு 'ண'வை 'ன' அறையில் போட்டார். கையுறை போட்டால் நிக்கு விரலுக்குத் தெரியமாட்டேங்கிறது, கழற்றிவிடு என்கிறார். நான் மாட்டேன் என்கிறேன். தினமும் சாயங்காலம் இந்தச் சண்டை நடக்கிறது.